சொந்த வீட்டில் ஆள் தங்கவும் 'பர்மிட்'! மீறினால் 5 ஆயிரம் டாலர் அபராதம், நியூயார்க்கில் கெடுபிடி
சொந்த வீடே ஆனாலும், வெளியூர்க்காரரை 30 நாளுக்குக் குறைவாகத் தங்கவைத்துக் காசு வாங்க நியூயார்க் நகரில் பர்மிட் வேண்டும்! 2023 செப்டம்பர் 5-ந் தேதி முதல் இந்தக் கெடுபிடி அமலில் உள்ளது.

பர்மிட் கட்டணம் 145 டாலர். ஒரே சமயத்தில் 2 விருந்தாளிக்கு மேல் கூடாது. வீட்டுக்காரரும் கூடவே இருக்கவேண்டும். சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்குக் கிளம்பினால் மாட்டிக்கொள்வார்!

தனிச் சாவி கிடையாது

வந்தவர் தன் ரூமைப் பூட்டிக்கொண்டு வெளியே போகவும் கூடாது. வாடகைக் கட்டுப்பாடு உள்ள வீடுகளுக்குப் பர்மிட்டே கிடையாது. மீறும் வீட்டுக்காரருக்கு 5 ஆயிரம் டாலர் வரை அபராதம். பர்மிட் நம்பர் இல்லாத வீட்டுக்குப் பணம் வசூலித்துத் தரும் கம்பெனிக்கும் அபராதம் உண்டு. எதிர்த்து 'ஏர்பிஎன்பி' கம்பெனி போட்ட வழக்கு 2023 ஆகஸ்டில் தள்ளுபடி ஆனது.

ஏன் இந்தக் கெடுபிடி?

டூரிஸ்டுக்கு விட்டால் தினமும் காசு. அதனால் மாத வாடகைக்கு வீடு கிடைக்காமல் ஜனங்கள் திண்டாடுகிறார்கள் என்பது நகராட்சியின் கட்சி.

மாடியை விட்டு வீட்டுக்கடன் கட்டியவர்களோ, "இனி தவணைக்கு எங்கே போவது?" என்று கையைப் பிசைகிறார்கள்.

டூரிஸ்ட் நாலு நாளில் ஊர் திரும்பிவிடுவார். இவர்கள் எங்கே போவார்கள்?