செல்போன் அறிவிப்புகள்: அவசரத்துக்கு வழிவிடுங்கள்

காலை ஏழு மணிக்கு ஒரு செல்போன் திரையில் வரிசைகட்டி நிற்பவற்றைப் பாருங்கள். உணவுச் செயலி ஒன்று, ‘இன்று மட்டும் பாதி விலை’ என்கிறது. விளையாட்டுச் செயலி, பரிசு காத்திருப்பதாகச் சொல்கிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பூக்கள் நிறைந்த காலை வணக்கப் படங்கள். பழைய ஒளிப்படம் ஒன்றுக்கு யாரோ ‘லைக்’ போட்டிருக்கிறார். உடனடிக் கடன் தருவதாக இரண்டு குறுஞ்செய்திகள். இவற்றுக்கு நடுவே, ‘பள்ளி வேன் இன்று அரை மணி நேரம் முன்னதாக வரும்’ என்று ஒரு செய்தி. விரலால் தள்ளித் தள்ளி மற்றவற்றை அகற்றும் வேகத்தில் அதுவும் சேர்ந்து போய்விடுகிறது.

நோட்டிபிகேஷன் எனப்படும் அறிவிப்புகள் நேரத்தைத் தின்கின்றன என்று எல்லோரும் சொல்கிறோம். பாதிப்பு நேரத்தோடு நிற்பதில்லை. கவனம், மனநிலை, தூக்கம் மூன்றையும் அவை கெடுக்கின்றன. ஓயாத ஒலிக்குப் பழகிப்போன மனம், உண்மையான அவசரத்தையும் அலட்சியம் செய்யத் தொடங்குகிறது. அதனால்தான் போனை மொத்தமாக ஊமையாக்குவதைவிட, எது ஒலிக்கலாம் என்று நாமே தேர்ந்தெடுப்பது நல்லது.

கையில் எடுக்காவிட்டாலும் கவனம் சிதறும்

திடீர் ஒலி கேட்டால் அந்தப் பக்கம் திரும்புவது உடலின் அனிச்சைச் செயல். ஆபத்திலிருந்து தப்பிக்க உதவிய அந்த இயல்பைத்தான் செல்போனின் ‘டிங்’ ஓசையும் தூண்டுகிறது. போனைத் தொடாமல் இருந்துவிட்டால் பாதிப்பில்லை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், கவனம் தேவைப்படும் வேலையில் இருந்தவர்களுக்கு அறிவிப்பு வந்தபோது, அவர்கள் போனை எடுக்காதபோதும் வேலையில் தடுமாறினார்கள். ‘யாராக இருக்கும், என்னவாக இருக்கும்’ என்ற எண்ணமே போதுமானதாக இருந்தது.

ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது மனம் முழுவதுமாகத் தாவுவதில்லை. முந்தைய வேலையிலேயே ஒரு பகுதி தங்கிவிடுகிறது. சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் இதைக் ‘கவன எச்சம்’ என்று குறிப்பிட்டார். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் குளோரியா மார்க் குழுவினர் 2008இல் கண்டறிந்தது இன்னும் முக்கியமானது. அடிக்கடி இடையூறு ஏற்பட்டவர்கள் வேலையை விரைவாகவே முடித்தார்கள். ஆனால், மன அழுத்தமும் எரிச்சலும் நேர நெருக்கடி உணர்வும் அவர்களிடம் கூடியிருந்தன. வேலை முடிந்தும் மாலையில் காரணம் தெரியாமல் களைத்துக் கிடப்பவர்கள், அன்று எத்தனை முறை போன் கூப்பிட்டது என்று யோசித்துப் பார்க்கலாம்.

ஒரு வாரத்தில் தெரிந்த வித்தியாசம்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 221 மாணவர்களிடம் நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. ஒரு வாரம் அறிவிப்புகளை இயக்கி, போனைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். இன்னொரு வாரம் அறிவிப்புகளை நிறுத்தி, போனைத் தள்ளி வைக்கச் சொன்னார்கள். அறிவிப்புகள் ஒலித்த வாரத்தில் கவனக்குறைவும் ஓரிடத்தில் நிலைகொள்ளாத தவிப்பும் மாணவர்களிடம் அதிகமாக இருந்தன. செல்போன் ஏடிஎச்டி என்னும் கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் குறைபாட்டை உண்டாக்கும் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால், அந்தக் குறைபாடு இல்லாதவர்களிடமும் அதை ஒத்த அறிகுறிகள் கூடுகின்றன. அறிவிப்பை நிறுத்தினால் குறைகின்றன.

அதிராத போன் அதிர்வதுபோல் தோன்றும் அனுபவம் பலருக்கு இருக்கும். அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் பணியாளர்களிடம் கேட்டபோது 68 சதவீதம் பேர் அந்த அனுபவம் இருப்பதாகச் சொன்னதை 2010இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்டது. இது நோயல்ல, அடுத்த அழைப்பை எதிர்பார்த்தே உடல் காத்திருப்பதன் அடையாளம். தைவானில் பயிற்சி மருத்துவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, பணிச்சுமை மிகுந்த மாதங்களில் இந்தப் பொய் அதிர்வு கூடியது, பயிற்சி முடிந்ததும் குறைந்தது. காத்திருப்பு குறைந்தால் உடலும் தளர்ந்து ஓய்வெடுக்கும்.

மருத்துவமனைகள் கற்ற பாடம்

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒவ்வொரு நோயாளியைச் சுற்றியும் பல கருவிகள் ஒலித்துக்கொண்டே இருக்கும். அந்த ஒலிகளில் 85 முதல் 99 சதவீதம் வரை உடனடிச் சிகிச்சை எதுவும் தேவைப்படாதவை என்று அமெரிக்காவின் மருத்துவமனைத் தர அமைப்பான ஜாயின்ட் கமிஷன் 2013இல் எச்சரித்தது. எந்நேரமும் ஒலி கேட்டுப் பழகிய செவிலியர்களும் மருத்துவர்களும் அதற்கு மரத்துப்போனார்கள். சில இடங்களில் ஒலியைக் குறைத்தார்கள் அல்லது அணைத்துவிட்டார்கள். 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை அந்த அமைப்புக்கு வந்த, எச்சரிக்கை ஒலி தொடர்பான 98 நிகழ்வுகளில் 80 மரணத்தில் முடிந்தன.

பயிற்சி பெற்ற மருத்துவப் பணியாளர்களுக்கே இந்தச் சோர்வு வருமென்றால், வீட்டில் இருக்கும் நமக்கு வராதா? அங்கே கண்ட தீர்வு, தேவையற்ற ஒலிகளைக் குறைத்துத் தேவையானதைத் தனித்துக் கேட்கச் செய்வது. நம் போனுக்கும் அதே மருந்துதான்.

செயலிகள் ஏன் கூப்பிடுகின்றன?

நீங்கள் செயலிக்குள் செலவிடும் நேரமே பல நிறுவனங்களுக்கு வருமானம். எந்த அழைப்பில் நல்ல செய்தி இருக்கும், எதில் வெறும் விளம்பரம் இருக்கும் என்று முன்கூட்டியே தெரியாது. எப்போது கிடைக்கும் என்று தெரியாத வெகுமதிக்குத்தான் மனம் திரும்பத் திரும்ப ஏங்கும். ஆகவே, ‘எனக்குக் கட்டுப்பாடு இல்லை’ என்று யாரும் தங்களையே நொந்துகொள்ள வேண்டியதில்லை. நம்மைத் திரும்ப அழைப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்ட ஏற்பாடு இது.

பயனாளருக்கும் சில பாதுகாப்புகள் வந்திருக்கின்றன. 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், புதிய செயலி அறிவிப்பு அனுப்புவதற்கு முன் உங்கள் அனுமதியைக் கேட்க வேண்டும். நுகர்வோரை ஏமாற்றும் 13 வகை இணைய உத்திகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் பட்டியலிட்டது. ஓயாமல் நச்சரிப்பதும், பொய்யான அவசரத்தை உண்டாக்குவதும் அந்தப் பட்டியலில் உள்ளன.

முதலில் எண்ணுங்கள், பிறகு பிரியுங்கள்

ஆண்ட்ராய்டு போனில் ‘டிஜிட்டல் வெல்பீயிங்’, ஐபோனில் ‘ஸ்கிரீன் டைம்’ பகுதிக்குள் போனால், ஒரு நாளில் எந்தச் செயலி எத்தனை அறிவிப்புகளை அனுப்பியது என்று தெரியும். அந்த எண்ணிக்கையைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். பிறகு செயலிகளை மூன்றாகப் பிரியுங்கள்.

உடனே ஒலிக்க வேண்டியவை: தொலைபேசி அழைப்புகள், நெருங்கிய குடும்பத்தினரின் செய்திகள், பள்ளி வேன் தகவல்கள், வங்கிப் பரிவர்த்தனைத் தகவல்கள், மருந்து நினைவூட்டல்கள்.

ஒலியில்லாமல் வந்து காத்திருக்க வேண்டியவை: மின்னஞ்சல், அலுவலகக் குழுக்கள், பள்ளிக் குழு, செய்திச் செயலிகள். பொருள் ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்திருந்தால் அது வரும் நாளில் மட்டும் அந்தச் செயலி ஒலிக்கலாம்.

வரவே வேண்டாதவை: கடைகள், விளையாட்டுகள், கடன் செயலிகள், சமூக ஊடகங்களின் லைக், ‘உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்’ போன்ற பரிந்துரைகள்.

ஒரே நாளில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்பதில்லை. வேண்டாத அறிவிப்பு வரும்போது ஆண்ட்ராய்டில் அதன் மேல் விரலை அழுத்திப் பிடித்தால், ‘சைலன்ட்’ ஆக்கவும் முழுவதும் நிறுத்தவும் வழி தெரியும். ஐபோனில் அறிவிப்பை இடப்பக்கம் தள்ளினால் ‘ஆப்ஷன்ஸ்’ வரும். வருவதை வரும்போதே களைந்தால், சில நாட்களில் திரை தெளிந்துவிடும்.

விளம்பரக் குறுஞ்செய்திகளும் அழைப்புகளும் வேறு வழியில் வருபவை. அவற்றைத் தடுக்க 1909 என்ற எண்ணில் பதிவு செய்யலாம்.

இவற்றை அணைக்க வேண்டாம்

புயல், வெள்ளம், நிலநடுக்கம் பற்றி அரசு அனுப்பும் அவசர எச்சரிக்கை, சோதனை ஓட்டத்தின்போது உரத்த ஒலியோடு வந்து பலரைத் திடுக்கிட வைத்திருக்கும். எரிச்சலில் அதை நிறுத்திவிடாதீர்கள். கடலோர மாவட்டங்களில் வாழ்வோருக்கு அது உயிர்காக்கும் ஒலி.

சர்க்கரை அளவைத் தொடர்ந்து அளக்கும் சென்சார் அணிந்தவர்களுக்கு இன்னும் கூடுதல் கவனம் தேவை. சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கினால் செயலிதான் எச்சரிக்கும். போனின் அமைப்புகள் மாறியதால் இத்தகைய எச்சரிக்கைகள் நோயாளிகளுக்குக் கேட்காமல்போனதை, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025 பிப்ரவரியில் சுட்டிக்காட்டியது. அறிவிப்பு அமைப்பை மாற்றிய பிறகும், போனின் மென்பொருளைப் புதுப்பித்த பிறகும், புதிய ஹெட்போன் இணைத்த பிறகும் எச்சரிக்கை ஒலி கேட்கிறதா என்று சரிபாருங்கள். வீட்டுப் பெரியவரின் போனை மாற்றித் தரும் பிள்ளைகள் இதை முதலில் கவனிக்க வேண்டும்.

வங்கிச் செய்தியும் அப்படித்தான். நீங்கள் செய்யாத பரிவர்த்தனை பற்றித் தகவல் வந்தால், வங்கிக்கும் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். அந்தச் செய்தியை மாலையில் பார்த்தால் பணம் திரும்பாமல் போகலாம்.

வாட்ஸ்அப் குழுக்களும் கணினியும்

குழுவிலிருந்து விலகினால் உறவினர்கள் வருத்தப்படுவார்கள் என்ற தயக்கம் நம் வீடுகளில் உண்டு. விலக வேண்டாம், குழுவின் பெயரைத் தொட்டு ‘மியூட்’ செய்து, ‘ஆல்வேஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் மியூட் செய்தது மற்றவர்களுக்குத் தெரியாது. ஓய்வாக இருக்கும்போது நீங்களே போய்ப் பாருங்கள்.

கணினியில் பெரும் தொல்லை உலாவிகளிடமிருந்து வருகிறது. ஏதோ ஒரு இணையதளம் ‘அறிவிப்புகளைக் காட்டலாமா’ என்று கேட்கும்போது யோசிக்காமல் ‘அலவ்’ அழுத்தியிருப்போம். ‘உங்கள் கணினியில் வைரஸ்’ என்று திரையின் ஓரத்தில் வந்து பயமுறுத்தும் போலி எச்சரிக்கைகள் பல இந்த வழியாகத்தான் நுழைகின்றன. குரோமின் செட்டிங்ஸில், சைட் செட்டிங்ஸ் பகுதியில் உள்ள நோட்டிபிகேஷன்ஸ் பட்டியலைத் திறந்து, தெரியாத தளங்களை நீக்குங்கள். விண்டோஸ் 11, மேக் இரண்டிலும் வேலை நேரத்துக்கு அறிவிப்பை நிறுத்தி வைக்கும் ‘போகஸ்’ வசதி இருக்கிறது. அலுவலக மின்னஞ்சலின் ஒலியையும் நிறுத்திவிட்டு, குறிப்பிட்ட வேளைகளில் திறந்து பார்ப்பது நல்லது. நாளுக்கு மூன்று முறை மட்டும் மின்னஞ்சல் பார்த்த வாரத்தில் மன அழுத்தம் குறைந்ததை 2015இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

தூங்கும்போதும் வண்டி ஓட்டும்போதும்

பெரியவர்களுக்கு இரவில் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும். சிறு ஒலி முழுவதுமாக எழுப்பாவிட்டாலும், ஆழ்ந்த தூக்கத்தை லேசாக்கிவிடும். படுக்கும் நேரத்துக்கு ‘டூ நாட் டிஸ்டர்ப்’ தானாக இயங்கும்படி வைத்துவிடுங்கள். ஊரில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு ஏதாவது என்றால் என்ன செய்வது என்ற பயம் வேண்டாம். குறிப்பிட்ட சிலரின் அழைப்பை மட்டும் அனுமதிக்கலாம். ஒருவரே அடுத்தடுத்து அழைத்தால் ஒலிக்கவும் வசதி உண்டு. இரண்டாவது அழைப்பு ஐபோனில் 3 நிமிடத்துக்குள்ளும், ஆண்ட்ராய்டில் 15 நிமிடத்துக்குள்ளும் வர வேண்டும்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, மூன்று விநாடியில் 50 மீட்டர் கடந்துவிடும். ஒரு செய்தியைக் குனிந்து பார்க்கும் நேரம் அது. சாவியைத் திருப்புவதற்கு முன் போனை டூ நாட் டிஸ்டர்பில் போடுங்கள்.

எல்லாவற்றையும் அணைத்தால்?

‘ஒரேயடியாக நிறுத்திவிட்டேன்’ என்று சொல்பவர்களில் சிலர், ஏதாவது தவறிப்போயிருக்குமோ என்று முன்னைவிட அதிக முறை போனை எடுத்துப் பார்க்கிறார்கள். 2019இல் வெளியான ஓர் ஆய்வில், அறிவிப்புகளை நாளுக்கு மூன்று வேளை மொத்தமாகப் பெற்றவர்களுக்குக் கவனமும் மனநிலையும் மேம்பட்டன. அறிவிப்பே வராதபடி நிறுத்தியவர்களிடம் அந்த நன்மை பெரிதாகத் தெரியவில்லை, பதற்றம் கூடியது. ஐபோனில் 2021 முதல் உள்ள ‘ஷெட்யூல்டு சம்மரி’ இப்படித் தொகுத்துத் தருகிறது. அந்த வசதி இல்லாத போனிலும் காலை, மதியம், மாலை என்று நேரம் குறித்துக்கொண்டு பார்க்கலாம். முதல் சில நாட்கள் கை பரபரக்கும். பொறுத்துக்கொண்டால் அடங்கிவிடும்.

அறிவிப்புகளைக் குறைத்த பிறகும் போனைப் பிரிய முடியாமல் தூக்கம், படிப்பு, வேலை, உறவுகள் கெடுகின்றன என்றால் மனநல மருத்துவரை அணுகத் தயங்க வேண்டாம். பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இதற்கென்றே ‘ஷட்’ என்னும் தனிப் பிரிவு 2014இலிருந்து இயங்குகிறது.

சொல்லிவைக்க வேண்டிய ஒரு வாக்கியம்

அமைப்புகளை நாம் மாற்றிக்கொள்ளலாம். நம்மிடம் உடனடிப் பதில் எதிர்பார்ப்பவர்கள் மாற வேண்டாமா? வேலை நேரத்துக்குப் பிறகு வரும் செய்திகளுக்குப் பதில் சொல்லாமல் இருக்கும் உரிமையைப் பிரான்ஸ் 2017இலும், ஆஸ்திரேலியா 2024இலும் சட்டப்படி நடைமுறைக்குக் கொண்டுவந்தன. சட்டத்துக்குக் காத்திருக்காமல், நம் வீட்டிலும் அலுவலகத்திலும் இப்போதே ஒரு வழக்கத்தைத் தொடங்கலாம். ‘அவசரம் என்றால் போன் பண்ணுங்கள், மற்றதற்குச் செய்தி அனுப்புங்கள், நேரம் கிடைக்கும்போது கட்டாயம் பார்த்துவிடுவேன்’ என்று நெருங்கியவர்களிடம் சொல்லிவையுங்கள். சொன்னபடி அழைப்பை எடுங்கள், சொன்னபடி செய்திக்குப் பதிலும் போடுங்கள். உங்களை நம்பி அழைப்பவருக்கு நீங்கள் கிடைப்பீர்கள் என்ற உறுதி இருந்தால், அவருக்கும் பதற்றம் இருக்காது, உங்களுக்கும் இருக்காது.