தசை வளர்வது அடுப்படியில்தான்!

குன்னூருக்குச் சுற்றுலா வருகிறவர்கள் சிம்ஸ் பார்க்கில் பூக்களைப் பார்ப்பார்கள், மரத்தடியில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், சூடாக ஒரு டீ குடித்துவிட்டு ஊட்டிக்கு பஸ் ஏறிவிடுவார்கள். பக்கத்திலேயே இருக்கும் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டை யாரும் நின்று பார்ப்பதில்லை. நாய்க்கடிக்கு மருந்து தருவதற்காக 1907-ல் தொடங்கிய இடம் அது. நம் இந்தியச் சாப்பாட்டில் என்னென்ன சத்து இருக்கிறது, எது உடம்பை வளர்க்கிறது என்ற ஆராய்ச்சி வேர் விட்டதும் அங்கேதான். 1918-ல் டாக்டர் ராபர்ட் மெக்காரிசன் ஒரே ஓர் அறையில், பெரிபெரி என்ற நோயைப் பற்றி ஆராய ஆரம்பித்தார். அது 1928-ல் பெரிய சத்துணவு ஆராய்ச்சிக்கூடமாக வளர்ந்தது. 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம் மாறியது. இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றிருப்பது, நம் குன்னூரில் பிறந்த குழந்தைதான்!

இப்போது வீட்டுக்கு வீடு உடற்பயிற்சி பேச்சாக இருக்கிறது. போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அதைப் பார்த்துக் கையைக் காலைத் தூக்குகிறோம். நல்லதுதான். ஆனால் பயிற்சி முடிந்ததும் ஒரு டீயும் இரண்டு வர்க்கியும் சாப்பிட்டுவிட்டு, "மூணு மாசமா செய்யறேன், உடம்புல ஒரு தெம்பும் காணோமே" என்றால் எப்படி? அந்தக் கேள்விக்குப் பதில் தேட நாம் வெகுதூரம் போக வேண்டாம்.

எலிகள் சொன்ன பாடம்

1920-களில் மெக்காரிசன் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார். இந்தியாவின் பல பகுதி மக்கள் சாப்பிடும் சாப்பாட்டை அப்படியே தயாரித்து, ஒரே வயதுள்ள எலிக்குட்டிகளுக்குப் பிரித்துக் கொடுத்தார். ஒரு கூட்டத்துக்கு பஞ்சாப் சாப்பாடு, ஒன்றுக்கு மராட்டியச் சாப்பாடு, ஒன்றுக்கு வங்காளச் சாப்பாடு, ஒன்றுக்கு நம் மதராஸ் சாப்பாடு, இப்படி. கொழுகொழுவென்று, பளபளக்கும் ரோமத்தோடு முதலிடத்தில் வந்தவை பஞ்சாபின் சீக்கியர் சாப்பாடு சாப்பிட்ட எலிகள். கடைசி இடம் யாருக்குத் தெரியுமா? நம் மதராஸ் சாப்பாட்டுக்குத்தான்!

உடனே அரிசி மேல் பழியைப் போட்டுவிடாதீர்கள். முதலிடம் பெற்ற தட்டில் என்ன இருந்தது என்று பாருங்கள். முழுக் கோதுமைச் சப்பாத்தி, வெண்ணெய், பால், முளைகட்டிய கடலை, பச்சைக் காரட், முட்டைக்கோஸ், வாரத்தில் ஒரு நாள் கொஞ்சம் இறைச்சி. நம் தட்டிலோ தவிடு போகத் தீட்டிய அரிசிதான் மலையாகக் குவிந்திருந்தது. பாலும் மோரும் பெயருக்குத்தான். அரிசியின் பக்கத்தில் இருக்க வேண்டியவை போதாமல் போனதே நாம் கடைசிக்குப் போன காரணம்.

நூறு வருஷம் ஆகப்போகிறது. நம்மில் எத்தனை பேர் தட்டு மாறியிருக்கிறது? முக்கியமாக, எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காருகிற அம்மாவின் தட்டு?

பெண்ணுக்கு எதற்குத் தசை?

"நமக்கென்ன, குஸ்தியா போடப் போறோம்?" என்று கேட்பவர்களுக்காக என் மாமியார் கதையைச் சொல்கிறேன். எழுபது வயது. மழைக்காலத்தில் வாசல் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பில் அடி. ஆறு மாதம் கழித்தும் முக்காலியிலிருந்து எழ ஒரு கை வேண்டும். டாக்டர் சொன்னார்: "எலும்பு சேர்ந்தாச்சும்மா. தொடையில சதையே இல்லையே, அப்புறம் எப்படி எழுந்திருப்பாங்க?"

வாழ்நாள் முழுதும் அத்தை சாப்பிட்டது ரசம் சாதமும் ஊறுகாயும்தான். பருப்பின் அடிக்குழம்பு மாமாவுக்கு, முட்டை பிள்ளைகளுக்கு, பால் பேரனுக்கு. நாற்பது வருஷம் இப்படி.

முப்பது வயதைத் தாண்டிய பிறகு, கவனிக்காமல் விட்டால், பத்து வருஷத்துக்கு நூற்றுக்கு 3 முதல் 8 பங்கு வரை தசை குறைந்துகொண்டே போகும் என்கிறார்கள். எங்கள் மலையில் எந்த வீட்டுக்குப் போனாலும் இருபது படி ஏற வேண்டும். காய்கறிப் பையும் இடுப்பில் குழந்தையுமாக ஏறுகிறவளுக்குத் தசைதான் துணை. மூட்டைத் தாங்குவதும், விழாமல் நிறுத்துவதும், ரத்தத்தில் உள்ள சர்க்கரையை எடுத்துச் செலவு செய்வதும் அதுதான். "ஆம்பளை மாதிரி ஆயிடுவோமோ" என்ற பயமே வேண்டாம். அதற்கு வேண்டிய ஹார்மோன் நம் உடம்பில் மிகக் கொஞ்சம்.

தசை எப்படி வளர்கிறது? பயிற்சி செய்யும்போது தசைக்குச் சிரமம் கொடுக்கிறோம். "இன்னும் பலம் வேணும்" என்று உடம்புக்குச் சொல்லி அனுப்புவது போல அது. பிறகு ஓரிரு நாள், ஓய்வாக இருக்கும்போது, உடம்பு அதைச் செப்பனிட்டு முன்னிலும் கெட்டியாகக் கட்டுகிறது. அந்தக் கட்டட வேலைக்குச் செங்கல் புரதம். செங்கல் வராவிட்டால் கொத்தனார் என்ன செய்வார்? பட்டினி கிடந்தாலும் ஆகாது. எரிக்க விறகில்லாமல், உடம்பு அந்தப் புரதத்தையே எடுத்து எரித்துவிடும். அதனால் சோறும் வேண்டும், பருப்பும் வேண்டும்.

எவ்வளவு வேண்டும்?

2020-ல் வெளியான தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அளவுப்படி, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளைக்குச் சுமார் 46 கிராம். கர்ப்பிணிகளுக்கு நடு மூன்று மாதங்களில் இன்னும் 9.5 கிராம், கடைசி மூன்று மாதங்களில் 22 கிராம் கூடுதலாக வேண்டும். பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதம் 17 கிராமும், அடுத்த ஆறு மாதம் 13 கிராமும் கூடுதல். தசைப் பயிற்சி செய்கிறவர்கள் கிலோவுக்கு 1.2 கிராம் வரை வைத்துக்கொள்ளலாம். அதாவது 60 கிராமுக்குக் கொஞ்சம் மேல்.

"அம்மாடி, அறுபதா!" என்று மலைக்காதீர்கள். நம் அடுப்படிக் கணக்கில் பாருங்கள்:

காலை: இட்லி 3 (6 கிராம்), 25 கிராம் பருப்பு போட்ட கெட்டி சாம்பார் (5), வேகவைத்த முட்டை 1 (6), பால் ஒரு டம்ளர், 150 மில்லி (5). ஆக 22.

மதியம்: 100 கிராம் அரிசிச் சாதம் (7), 30 கிராம் காய்ந்த அவரைக்கொட்டை போட்ட குழம்பு (6), தயிர் ஒரு கிண்ணம், 150 கிராம் (5), பீன்ஸ் காரட் பொரியல் (2). ஆக 20.

மாலை: வறுத்த வேர்க்கடலை ஒரு பிடி, 25 கிராம் (6).

இரவு: சப்பாத்தி 3 (8), 30 கிராம் பாசிப்பயறுக் கூட்டு (7). ஆக 15.

கூட்டிப் பார்த்தால் 63 கிராம். முட்டை சேர்க்காதவர்கள் அதற்குப் பதில் 30 கிராம் கொண்டைக்கடலையைச் சுண்டலாக்கிக்கொள்ளலாம். மீன், கோழி சாப்பிடுகிறவர்களுக்குக் கணக்கு இன்னும் சுலபம். மத்தி மீனைவிட மலிவான நல்ல சத்து ஏது?

அரிசியில் லைசின் என்ற சத்து குறைவு, பருப்பில் அது நிறைய. பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் உண்டு. இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கிறது. பொங்கலையும் பருப்பு சாதத்தையும் கண்டுபிடித்த பாட்டிகள் லைசினைக் கண்டார்களா! இரண்டு விஷயம் மட்டும் கவனியுங்கள். மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பருப்பு விழ வேண்டும். தண்ணி சாம்பார் கணக்கில் வராது. ஒரே வேளையில் மொத்தத்தையும் சாப்பிடாமல் மூன்று வேளைக்கும் பிரித்துக்கொள்வது மேல்.

மலைக்காரர்களுக்குச் சில குறிப்புகள்

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பயறு வேகாமல் அடம்பிடிப்பது இதனால்தான். ராத்திரியே ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கரில் இரண்டு விசில் கூடுதலாக விடுங்கள்.

குளிரில் பயறு முளைக்க இரண்டு மூன்று நாள் ஆகும். ஈரத்துணியில் கட்டி, அடுப்பு மேடையின் சூடான மூலையில் வையுங்கள்.

எங்கள் படகர் வீட்டுத் தோழிகளின் அடுக்களையில் அவரை இல்லாத வாரம் கிடையாது. ராகியும் சாமையும் அவர்களுக்குப் பழகிய தானியங்கள். மார்க்கெட்டில் பட்டாணி, டபுள்பீன்ஸ் மலியும் மாதத்தில் நாமும் வாங்கி உரித்துப் பழகுவோம்.

டீயைச் சாப்பாட்டோடு குடிக்காதீர்கள். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் அது தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். சாப்பாட்டோடு எலுமிச்சை, நெல்லி, கொய்யா சேர்ந்தால் அதே இரும்புச்சத்து நன்றாக ஒட்டும். (தேயிலை நாட்டில் இருந்துகொண்டு டீயைக் குறை சொல்கிறாளே என்று கோபிக்க வேண்டாம். நேரம் மாற்றத்தான் சொன்னேன்!)

வீட்டிலேயே பயிற்சி

வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாங்கள் ஐந்து பேர் பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் வாரம் மூன்று நாள், இருபது நிமிஷம் செய்கிறோம்.

1. கை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது: 10 முறை.
2. சுவரில் கை ஊன்றித் தண்டால்: 10 முறை. பழகியபின் மேடையைப் பிடித்து.
3. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டை (ஒவ்வொன்றும் ஒரு கிலோ) தோளுக்கு மேலே தூக்குவது: 10 முறை.
4. படியில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குவது: 15 முறை.
5. ஐந்து கிலோ அரிசிப் பையைக் குனிந்து, முதுகு வளையாமல் தூக்கி வைப்பது: 8 முறை.

எல்லாவற்றையும் இரண்டு சுற்று. சுலபமாகிவிட்டால் எண்ணிக்கையையோ எடையையோ கூட்ட வேண்டும். இல்லாவிட்டால் தசை வளராது. தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள்.

எங்களோடு செய்யும் ஓர் அக்கா முன்பு தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். அவர் சொல்வார்: "மேடு ஏறினா காலு தானா வலுக்கும் கண்ணு. ஆனா வெறும் வயித்தோட ஏறினா காலு நடுங்கத்தான் செய்யும்." புத்தகம் படித்து எழுதின நான் இதைவிட நன்றாகச் சொல்லிவிடவில்லை.

அத்தைக்கு முதல் பயிற்சி மட்டும்தான். டாக்டரைக் கேட்டுக்கொண்டு, நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயர்த்தி, ஐந்து முறையில் தொடங்கினோம். காலையில் ஒரு முட்டை, மதியம் குழைந்த பருப்பு முதலில் அவருக்கு, இரவு பால். "எனக்கெதுக்கு முட்டை, பையனுக்குக் குடு" என்று பத்து நாள் சண்டை. நாலு மாதத்தில் தலையணை போயிற்று. இப்போது கையை ஊன்றாமல் எழுந்து, கொடியில் துணி காயப்போடுகிறார்.

டப்பா பவுடர் வேண்டுமா?

காலேஜ் போகும் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் விலை போட்ட புரோட்டீன் டப்பா கேட்கிறார்கள். 2024-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டி, உடம்பை ஏற்றுவதற்காக இப்படிப்பட்ட பவுடரைத் தவிர்க்கும்படி சொல்கிறது. டாக்டர் எழுதிக் கொடுத்தால் வேறு விஷயம். அந்தக் காசுக்கு எத்தனை நாள் முட்டை, கடலை, பால் வரும் என்று மகனையே கணக்குப் போடச் சொல்லுங்கள். மறுபடி கேட்கமாட்டான்!

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைத் தாங்களாகக் கூட்டக் கூடாது. பிரசவம் ஆனவர்கள், முக்கியமாக சிசேரியன் ஆனவர்கள், டாக்டர் சரி என்று சொன்ன பிறகே பயிற்சி தொடங்க வேண்டும்.

முளைப்பயறு காரட் கோசுமல்லி

முளைகட்டிய பாசிப்பயறு ஒரு கப் எடுத்து, ஐந்து நிமிஷம் ஆவியில் வேகவிடுங்கள். ஆறியதும் துருவிய ஊட்டி காரட் ஒன்று, மெல்லியதாக நறுக்கிய முட்டைக்கோஸ் கால் கப், பொடித்த வறுத்த வேர்க்கடலை இரண்டு ஸ்பூன், உப்பு சேருங்கள். கடுகு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி, கடைசியில் எலுமிச்சை பிழியுங்கள். மெக்காரிசனின் முதல் பரிசு எலிகள் தின்ற கடலைக்குப் பதில் பயறு. காரட்டும் கோஸும் அதேதான். தாளிப்பு நம்முடையது!

இன்று ராத்திரி பரிமாறும்போது ஒரே ஒரு வேலை செய்யுங்கள், சகோதரிகளே. பருப்புப் பாத்திரம் காலியாவதற்கு முன்பு, உங்களுக்கென்று ஒரு கிண்ணம் எடுத்துத் தனியாக மூடி வைத்துவிடுங்கள். மாமியார் வீட்டில் இருந்தால் இரண்டு கிண்ணம்.