நுனியில் தொலையும் நீளம்

ஆப்பிரிக்க மக்களுக்கும், அடிமை வணிகத்தால் அமெரிக்காவுக்கும் கரீபியன் தீவுகளுக்கும் கொண்டுசெல்லப்பட்டவர்களின் வழித்தோன்றல்களுக்கும் இயல்பாக அமைந்துள்ள, வேரிலிருந்தே சிறுசிறு வளையங்களாகச் சுருண்டு எழும் தலைமுடி ஓரளவுக்கு மேல் வளராது என்ற எண்ணம் பிறரிடம் மட்டுமன்றி அம்முடியை உடையவர்களிடமும் நெடுங்காலமாக நிலைத்திருக்கிறது. தோல் மருத்துவம் இதை ஏற்பதில்லை. நேர்முடி மாதத்துக்கு ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் வளர, இறுக்கமான சுருள்முடி ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் வளர்கிறது என்பதே அளவீடுகள் காட்டும் வேறுபாடு. ஓர் இழை உதிர்வதற்கு முன் இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வரை இடைவிடாமல் வளர்வதால், மெதுவாக வளரும் சுருள்முடியும் ஐந்து ஆண்டுகளில் 48 சென்டிமீட்டரை எட்டி, இழுத்துப் பிடித்தால் முதுகைத் தொட வேண்டும். அப்படியிருந்தும் பலருக்கு அது ஆண்டுக்கணக்கில் தோளைத் தாண்டாமல் நிற்கிறது என்றால், வேரில் மாதந்தோறும் சேரும் 8 மில்லிமீட்டருக்கு ஈடாக நுனியில் முறிந்து போய்க்கொண்டிருக்கிறது என்றே பொருள். வரவு உள்ள வீட்டில் மிச்சம் நிற்காததைப் போன்ற நிலை இது.

நீளம் முழுவதும் முறிந்துதான் போகிறது என்றும் சொல்லிவிட முடியாது. ஒரு பகுதி கண்ணுக்குத் தெரியாமல் சுருளுக்குள் ஒளிந்திருக்கிறது. நனைந்து நீண்டு தொங்கும் முடி உலர்ந்ததும் தன் நீளத்தில் பாதிக்கும் கீழாகச் சுருங்கிவிடுவது இவ்வகை முடியில் இயல்பு. ஆகவே வளர்ச்சியை அளக்க விரும்புபவர் கண்ணாடியை நம்பாமல், ஒரே இடத்து இழைகளை மெல்ல இழுத்துப் பிடித்துச் சில மாதங்களுக்கு ஒருமுறை அளந்து பார்ப்பதே சரி.

முறிவுக்கான காரணம் முடியின் அமைப்பிலேயே இருக்கிறது. முடி உருவாகும் தோல் குழியான மயிர்க்கால், நேர்முடி உடையவர்களுக்குத் தோலுக்குள் ஏறக்குறைய நேராக இறங்க, சுருள்முடி உடையவர்களுக்கு அரிவாள் போல வளைந்து இறங்குகிறது. அதிலிருந்து வெளிவரும் இழையும் வட்டமான வெட்டுமுகம் இல்லாமல், நாடாவைப் போலச் சற்றுத் தட்டையாகவும் இடையிடையே முறுக்கேறியும் இருக்கிறது. இழையைப் போர்த்தியுள்ள ஓட்டுக்கூரை போன்ற செதில்கள் முறுக்கு விழும் இடங்களில் எளிதில் தூக்கிக்கொள்வதால், சீப்பின் பல் வந்து மோதும்போது முதலில் விட்டுக்கொடுப்பவை அவ்விடங்களே. சுருள்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து சிக்காவதும், ஒற்றை இழையே தன்னைச் சுற்றித் தானே முடிச்சிட்டுக்கொள்வதும் இதனோடு சேர்ந்துகொள்கின்றன.

இன்னொரு காரணம் வறட்சி. தலைத்தோலில் உள்ள சுரப்பிகள் கசியவிடும் எண்ணெய், நேரான இழையில் கிணற்றுக் கயிற்றில் நீர் வழிவதைப் போல நுனிவரை இறங்கிவிடும். வளையத்துக்கு வளையம் திரும்பும் இழையில் அது பாதி வழியிலேயே நின்றுவிடுவதால், வேர் பிசுபிசுத்திருக்கும் அதே தலையில் நுனி காய்ந்து கிடப்பதைக் காண முடிகிறது. மிகப் பழையதும் மிக நொய்ந்ததும் நுனியே என்பதால், எண்ணெய் அதிகம் தேவைப்படும் இடத்துக்கே அது போய்ச் சேர்வதில்லை.

இவ்வமைப்பைக் குறைபாடு என்று கொள்வது தவறு. டினா லசிசி என்ற மானிடவியலாளரும் அவருடைய குழுவினரும் வெப்பம் உணரும் பொம்மைத் தலையொன்றில் மனித முடியால் ஆன பலவகைப் பொய்முடிகளைப் பொருத்தி, வெயிலை ஒத்த விளக்கொளியில் ஆராய்ந்து 2023 இல் வெளியிட்ட முடிவின்படி, தலையை அடையும் சூரிய வெப்பத்தை மிகுதியாகத் தடுப்பது இறுக்கமாகச் சுருண்ட முடியே. கடும் வெயிலில் நிமிர்ந்து நடந்த ஆதி மனிதரின் மூளைக்குக் குடையாக இருந்தது இதுவாகலாம் என்பது அவர்கள் கருத்து.

நுனியைக் காத்தால் நீளம் தானே வந்துவிடும் என்பதற்கு மத்திய ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் வாழும் பசாரா பெண்களைவிடச் சிறந்த சான்று காட்டுவது அரிது. இடுப்பு வரை இறங்கும் சடைகளுக்குப் பெயர் பெற்ற இப்பெண்கள் ‘செபே’ என்ற பொடியைப் பயன்படுத்துகிறார்கள். குரோட்டன் வகைச் செடியொன்றின் விதைகளை வறுத்து, கிராம்பும் மஹ்லப் என்ற செர்ரி வகையின் பருப்பும் வேறு சில மணப்பொருள்களும் சேர்த்து அரைத்து எடுக்கப்படும் அப்பொடியை, எண்ணெயோ கொழுப்போ கலந்து, ஈரமாக்கிய முடியின் மீது நுனிவரை பூசிப் பின்னிவிட்டு, சில நாள்கள் கழித்து அதே பின்னலின் மேல் மீண்டும் பூசுகிறார்கள். பூச்சு தலைத்தோலில் படாதபடி பார்த்துக்கொள்வதே இம்முறையில் கவனிக்கத்தக்கது. வேருக்கே போகாத பொருள் வேரைத் தூண்டி முடியை வளர்க்க வழியில்லை. ஈரத்தை உள்ளே நிறுத்தி, இழைகளைப் பின்னலுக்குள் அடக்கி, சீப்பும் கையும் காற்றும் படாமல் காப்பதையே அது செய்கிறது. இன்று உலகெங்கும் சிறு டப்பாக்களில் ‘முடி வளர்க்கும் பொடி’ என்ற பெயரில் செபே விற்கப்படுவது, பசாரா பெண்களின் உழைப்பையும் பொறுமையையும் கழித்துவிட்டுப் பொடியை மட்டும் எடுத்துக்கொண்ட வணிகம்.

அன்றாடப் பராமரிப்பின் விதிகளும் இதே அடிப்படையிலிருந்தே பிறக்கின்றன. நாள்தோறும் ஷாம்பு போடுவது உள்ள எண்ணெயையும் அகற்றிவிடுவதால், வாரத்துக்கு ஒருமுறையோ இரண்டு வாரங்களுக்கு ஒருமுறையோ தலையலசினால் போதும் என்று அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் கூறுகிறார்கள். ஷாம்புவைத் தலைத்தோலில் தேய்த்து, நுனிகளுக்குக் கண்டிஷனரைத் தாராளமாகப் பூச வேண்டும். சிக்கெடுப்பதே முறிவு மிகுதியாக நிகழும் வேளை. காய்ந்த முடியில் சீப்பைப் போடாமல், ஈரமும் கண்டிஷனரும் வழுக்கலைத் தந்து கொண்டிருக்கும்போதே முடியை நான்கைந்து பிரிவுகளாகப் பிரித்து, முதலில் விரல்களாலும் பிறகு அகன்ற பற்களுள்ள சீப்பாலும், நுனியில் தொடங்கிச் சிறிது சிறிதாக வேரை நோக்கி ஏறுவதே முறை. உச்சியிலிருந்து கீழே இழுப்பவர் சிக்குகளை எல்லாம் நுனிக்குத் தள்ளி அங்கே ஒரே முடிச்சாக்கி அறுக்கிறார்.

எண்ணெய் பூசும் வரிசை தமிழ் வாசகருக்குச் சற்றுப் புதிதாகத் தோன்றலாம். தமிழ் வீடுகளில் காய்ந்த தலையில் எண்ணெய் தேய்த்துப் பிறகு சிகைக்காயால் அதை அகற்றுவது வழக்கம். சுருள்முடியில் முதலில் நீர், அதன் மேல் எண்ணெய், அதற்கும் மேல் கெட்டியான கிரீம் என்ற வரிசையில் பூசி, நீரை வெளியேற விடாமல் மூடிவிடுகிறார்கள். ஈரம் தருவது நீரே. எண்ணெய் அதற்கு மூடி மட்டுமே என்பதை உணராமல், காய்ந்த முடியின் மேல் எண்ணெயை மேலும் மேலும் பூசுபவருக்கு மினுமினுப்பான வறட்சியே மிஞ்சுகிறது. ஆயினும் குளிப்பதற்கு முன் எண்ணெய் தேய்க்கும் வழக்கத்துக்கும் அறிவியல் துணை உண்டு. தேங்காய், சூரியகாந்தி, கனிம எண்ணெய்கள் மூன்றையும் ஒப்பிட்டு இந்திய ஆய்வாளர்கள் 2003 இல் வெளியிட்ட ஆய்வில், இழைக்குள் ஊடுருவி, அலசும்போது நிகழும் புரத இழப்பைக் குறைத்தது தேங்காயெண்ணெய் மட்டுமே.

மூடியாகப் பயன்படுபவற்றில் இரண்டு புகழ்பெற்றவை. ஒன்று, மேற்கு ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் வளரும் மரத்தின் கொட்டையிலிருந்து பெண்கள் கடைந்தெடுக்கும் ஷியா வெண்ணெய். மற்றொன்று ஜமைக்காவின் கறுப்பு ஆமணக்கெண்ணெய். விதையை வறுத்து, இடித்து, நீரில் கொதிக்கவைத்து மேலே மிதப்பதை வழித்தெடுக்கும் அதன் செய்முறை, தமிழகக் கிராமங்களில் விளக்கெண்ணெய் காய்ச்சிய முறையை அப்படியே ஒத்திருக்கிறது. ஆமணக்கெண்ணெய் புதிய முடியை முளைக்கவைக்கும் என்ற பரவலான நம்பிக்கைக்குத் தக்க சான்று இல்லை. சத்துக்குறைவு இல்லாதவர் விழுங்கும் பயோட்டின் மாத்திரைக்கும் இதே தீர்ப்புதான்.

உறங்கும்போது பருத்தித் தலையணை ஈரத்தை உறிஞ்சி இழைகளோடு உராய்வதால், சாட்டின் துணியால் தலையைச் சுற்றிக்கொள்வது ஆப்பிரிக்க அமெரிக்கக் குடும்பங்களில் தாயிடமிருந்து மகளுக்கு வந்த பழக்கம். பகலில் அவ்வேலையைப் பின்னல்களும் இரட்டைப் புரி முறுக்குகளும் செய்கின்றன. நைஜீரியாவின் யொருபா மக்கள் முடிக்கற்றைகளை நூலால் இறுகச் சுற்றி எழுப்பும் ‘இருன் கிக்கோ’ ஒப்பனை, சூடு காட்டாமலேயே சுருளை நீட்டிவிடுகிறது. 1968 இலிருந்து பல பத்தாண்டுகளாக அந்நாட்டுச் சிகையலங்காரங்களைத் தேடித்தேடிப் படமெடுத்த ஒளிப்படக் கலைஞர் ஒகாய் ஒஜெய்கெரேயின் கறுப்பு வெள்ளைப் படங்களில் அதன் கோபுர வடிவங்களைக் காணலாம்.

பின்னலே பகையாவதும் உண்டு. நெற்றியோரத்தில் முடி வலியெடுக்கும் அளவுக்கு இழுத்துப் பின்னப்பட்டாலும், கனமான சவுரி சேர்த்துப் பின்னப்பட்டாலும், மாதக்கணக்கில் தொடரும் அவ்விழுவிசையால் மயிர்க்கால் நலிந்து முடி உதிர்கிறது; இதை இழுவிசை வழுக்கை என்பர். இது ஆப்பிரிக்கருக்கு மட்டும் உரிய நோய் என்று எண்ணுவோர் அறிய வேண்டிய செய்தி, மருத்துவ ஏட்டில் இது முதன்முதலாக 1907 இல் கிரீன்லாந்துப் பெண்களின் இறுக்கிக் கட்டிய கொண்டையைக் கண்டே பதிவாயிற்று என்பது. பின்னல் வலித்தாலோ, வேரைச் சுற்றிக் கொப்புளம் கண்டாலோ அன்றே அவிழ்த்துவிட வேண்டும். வலிக்காத பின்னலும் இரண்டு மூன்று மாதங்களுக்கு மேல் தலையில் இருக்கலாகாது.

இவ்வளவு எளிய செய்திகளும் பல தலைமுறைகளாக மறைந்துபோனதற்கு வரலாறே பொறுப்பு. 1786 இல் லூசியானாவின் ஸ்பானிய ஆளுநர் எஸ்தெபான் மிரோ, ஆப்பிரிக்க வழிவந்த பெண்கள் தங்கள் முடியைத் துணியால் மூட வேண்டும் என்று ஆணையிட்டார். அடிமை முறை ஒழிந்த பின்னரும் நேரான முடியே கண்ணியத்தின் அடையாளம் என்ற கருத்து ஒழியவில்லை. 1867 இல் பிறந்து, தலைத்தோல் நோயால் தாமே முடியிழந்து, பின்னர் கந்தகம் கலந்த களிம்பை விற்றுப் பெருஞ்செல்வரான மேடம் சி. ஜே. வாக்கர், முடியை நேராக்கும் சூட்டுச் சீப்பைக் கண்டுபிடித்தவர் என்று பலராலும் பிழையாகக் குறிக்கப்படுகிறார். அவர் தம் விற்பனைப் பெண்களிடம் வலியுறுத்தியது, தலையை அடிக்கடி கழுவித் தோலைத் தூய்மையாக வைப்பதையே.

பின்னர் வந்த ‘ரிலாக்சர்’ எனப்படும் நேராக்கிகள் சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற கடுங்காரங்களால், முடிப்புரதமான கெரட்டினுக்கு உருவம் தரும் கந்தகப் பிணைப்புகளை நிரந்தரமாகக் குலைக்கின்றன. குலைந்த இழை மீண்டும் சுருள்வதில்லை. அதன் கீழே புதிதாகச் சுருண்டு முளைக்கும் பகுதியும் நேரான பழைய பகுதியும் சந்திக்கும் இடமே மிக எளிதில் முறிவதால், நேராக்குவதைக் கைவிடுபவர்களில் பலர் பழைய முடியை ஒரேயடியாக வெட்டிவிடுகிறார்கள். அமெரிக்காவில் 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2022 இல் வெளியான ஆய்வு, முடி நேராக்கும் பொருள்களை ஆண்டில் நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களிடம், பயன்படுத்தாதவர்களைவிடக் கருப்பைப் புற்றுநோய் இரு மடங்குக்கு மேல் காணப்பட்டதைக் கண்டறிந்தது. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, காரணத்தை நிறுவவில்லை. இயல்பான முடியோடு பள்ளிக்கும் பணிக்கும் செல்வோரை ஒதுக்குவதைத் தடைசெய்யும் சட்டத்தை அமெரிக்காவில் முதலில் இயற்றிய மாநிலம் கலிபோர்னியா, ஆண்டு 2019.

நேர்முடி மோகத்தில் தென்னிந்தியாவுக்கும் பங்குண்டு. திருமலையிலும் பழநியிலும் திருத்தணியிலும் பக்தர் காணிக்கையாக இறக்கும் முடி ஏலத்தில் விற்கப்பட்டு, தூய்மைப்படுத்தப்பட்டு, அமெரிக்கப் பெண்களின் தலையில் சவுரியாக ஏறுகிறது.

மேற்கூறிய பராமரிப்பு எல்லாம் முறிவைத் தடுப்பவையே அன்றி நோயைத் தீர்ப்பவை அல்ல. ஆப்பிரிக்க வழிப் பெண்களிடம் மிகுதியாகக் காணப்படும் ஒருவகை வழுக்கை உச்சந்தலையில் தொடங்கி வட்டமாக வெளிநோக்கிப் பரவி, மயிர்க்கால்களைத் தழும்பாக்கிவிடுகிறது. முடியிழையின் உருவாக்கத்துக்குத் தேவையான பிஏடிஐ3 என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றங்களுக்கும் இதற்கும் தொடர்பு உண்டென்று 2019 இல் கண்டறியப்பட்டது. உச்சியில் எரிச்சலோ, அரிப்போ, அங்கே மட்டும் குட்டையாக முறிந்த முடியோ தோன்றினால், எண்ணெயை மாற்றிப் பார்ப்பதில் காலம் கடத்தாமல் தோல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். தழும்பு விழுந்த மயிர்க்காலில் முடி மறுபடி முளைப்பதில்லை.