குருதி மீண்டும் பாயும்போது: மீள்பாய்வுக் காயத்தில் நோயெதிர்ப்புச் செல்களின் பங்கு

திறவுச்சொற்கள்: மாரடைப்பு, குருதி மீள்பாய்வு, நியூட்ரோஃபில், மோனோசைட்டு, அழற்சி

முன்னுரை

இதயத் தசைக்குச் செல்லும் தமனி அடைபட்டால் அதனை இயன்றவரை விரைந்து திறக்க வேண்டும் என்பதில் மருத்துவ உலகில் கருத்து வேறுபாடு இல்லை. எனினும், திறந்த தமனி வழியே பாயும் குருதி தான் காக்க வந்த தசையின் ஒரு பகுதியைத் தானே அழித்துவிடுகிறது. 1960இல் இராபர்ட் ஜென்னிங்ஸ் குழுவினர் நாயின் இதயத்தில் இதனைக் கண்டனர். கட்டிய தமனியை அவிழ்த்து ஒரு மணி நேரத்திற்குள், 24 மணி நேரம் அடைபட்ட தசையில் காணப்படும் அளவுக்குச் சிதைவு முற்றியிருந்தது. விலங்குச் சோதனைகளின் அடிப்படையில், இறுதியாக இறக்கும் தசையில் பாதி வரை மீள்பாய்வினால் நேரலாம் என்று மதிப்பிட்டுள்ளனர். இவ்விழப்பில் நோயெதிர்ப்புச் செல்களுக்குள்ள பங்கையும், அவற்றைத் தடுக்கும் முயற்சிகள் நோயாளிகளிடம் பயன் தராத காரணங்களையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

முதல் நிமிடங்கள்

ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்த வேண்டும். மீள்பாய்வுக் காயத்தின் தொடக்கத்திற்கு வெள்ளணுக்கள் தேவையில்லை. உடலிலிருந்து பிரித்தெடுத்த இதயத்தில் செல்களே இல்லாத உப்புக் கரைசலைச் செலுத்தினாலும் அது நிகழ்கிறது. ஆக்சிஜன் இல்லாத வேளையில் தசைச் செல்லில் சக்சினேட் திரள்கிறது. ஆக்சிஜன் திரும்பியவுடன் மைட்டோகாண்ட்ரியா அதனை விரைந்து எரிக்கும்போது சூப்பராக்சைடு வெள்ளமெனப் பெருகுகிறது. இதனை 2014இல் வெளியான ஆய்வொன்று விளக்கியது. அழற்சியே அனைத்துக்கும் வேர் என எழுதும் வழக்கம் இதனால் பொருந்தாது. நோயெதிர்ப்புச் செல்கள் மூட்டப்பட்ட தீயைப் பரப்புபவை, மூட்டியவை அல்ல.

அத்தீயை அவை எவ்வாறு அறிகின்றன? உடையும் செல்களிலிருந்து டி.என்.ஏ., ஏ.டி.பி. முதலியன வெளியே சிந்துகின்றன. செல்லுக்குள் இருக்க வேண்டியவை வெளியே கிடப்பதே ஆபத்தின் அறிகுறி. குருதியிலுள்ள காம்ப்ளிமென்ட் புரதங்கள் தூண்டப்பட்டு, நியூட்ரோஃபில்களை ஈர்க்கும் துண்டுகளாகப் பிளவுறுகின்றன. குருதிக்குழாயின் உட்படலச் செல்கள் தம்முள் சேமித்து வைத்திருந்த பி-செலக்டினைச் சில நிமிடங்களிலேயே மேற்பரப்புக்குக் கொணர்கின்றன. விரைந்தோடும் நியூட்ரோஃபில் அதில் தொற்றி உருள்கிறது, பின்னர் சி.டி.18 இன்டெக்ரினால் இறுகப் பற்றிச் சுவரை ஊடுருவுகிறது. அங்கே கிருமி ஏதுமில்லை. ஆயினும் கிருமியைக் கொல்லும் படைக்கலங்களாகிய சூப்பராக்சைடு, ஹைப்போகுளோரஸ் அமிலம், எலாஸ்டேஸ் ஆகியன இன்னும் உயிருள்ள தசையின்மேல் பொழியப்படுகின்றன.

சுவரை ஊடுருவாத நியூட்ரோஃபில்களும் தீங்கற்றவை அல்ல. தூண்டப்பட்ட நியூட்ரோஃபில் விறைப்புறுகிறது. தன்னைவிடக் குறுகிய தந்துகியில் வளைந்து நெளிந்து செல்லும் இயல்பை இழக்கிறது. இரத்தத் தட்டுகளும் அதனோடு திரளவே தந்துகி அடைபடுகிறது. 1968இல் முயலின் மூளையிலும் 1974இல் நாயின் இதயத்திலும் விவரிக்கப்பட்ட ‘மீளாப் பாய்வு’ என்னும் நிலைக்கு இதுவும் ஒரு காரணம். ஊடுகதிர்ப் படத்தில் பெருந்தமனி திறந்து தெரியும். ஆனால், அதற்கப்பால் தசை குருதியின்றி மடிந்துகொண்டிருக்கும்.

நாயில் வென்றது, மனிதரில் தோற்றது

1983இல் நாய்களின் நியூட்ரோஃபில்களை எதிர்ச்சீரத்தால் குறைத்தபின் தமனியை அடைத்துத் திறந்தபோது, இறந்த தசையின் அளவு குறைந்தது. இம்முடிவு பெரும் நம்பிக்கையை விளைத்தது. சி.டி.18ஐத் தடுக்கும் எதிர்ப்பொருள்கள் 2001, 2002ஆம் ஆண்டுகளில் வெளியான இரு சோதனைகளில், முறையே 394, 420 மாரடைப்பு நோயாளிகளிடம் ஆராயப்பட்டன. இறந்த தசையின் அளவு குறையவில்லை. காம்ப்ளிமென்டைத் தடுக்கும் பெக்செலிசுமாப் 5,745 பேரிடம் ஆராயப்பட்டது. 2007இல் வெளியான முடிவின்படி இறப்பு விகிதம் மாறவில்லை. மூளைப் பக்கவாதத்தில் விளைவு இன்னும் கொடியது. எலியின் எதிர்ப்பொருளான என்லிமோமாப் பெற்றவர்கள், பெறாதவர்களைவிட மிகுதியாக இறந்தனர். அவ்வயல் புரதமே நியூட்ரோஃபில்களைத் தூண்டியிருக்கலாம் என்பது பின்னர் கூறப்பட்ட விளக்கம்.

இத்தோல்விகளுக்கு வழக்கமாகக் கூறப்படும் காரணம் காலம். சோதனை விலங்குக்குத் தமனி அடைபடுவதற்கு முன்னரே மருந்து கிடைத்தது. நோயாளியோ வலி தொடங்கி மணிக்கணக்கில் கழிந்த பின்னரே வருகிறார். சோதனை விலங்கு இளமையும் நலமும் உடையது. நோயாளி பெரும்பாலும் முதியவர், நீரிழிவோ உயர் குருதி அழுத்தமோ உடையவர். இவை மெய்யே. ஆயினும் இவற்றினும் ஆழமான காரணம், அழிக்கும் செல்லே ஆற்றவும் செய்கிறது என்பதே எனத் தோன்றுகிறது.

2007இல் சுண்டெலி இதயத்தில் செய்யப்பட்ட ஆய்வு, மோனோசைட்டுகள் இரு அலைகளாக வருவதைக் காட்டியது. முதல் நாள்களில் வருபவை இறந்த திசுவைச் செரித்து அகற்றுகின்றன. அடுத்து வருபவை புதிய குருதிக்குழாய்களையும் கொலாஜனையும் வளர்த்துத் தழும்பை உறுதியாக்குகின்றன. இவற்றுள் பல மண்ணீரலில் காத்திருந்து புறப்படுபவை என 2009இல் அறியப்பட்டது. 2017இல் நியூட்ரோஃபில்கள் நீக்கப்பட்ட சுண்டெலிகளின் இதயம் தேறாமல் மேலும் நலிந்தது. இறந்த செல்களை விழுங்கும் திறனை மேக்ரோஃபேஜ்கள் போதிய அளவு பெறவில்லை. தமனி நிரந்தரமாகக் கட்டப்பட்ட சுண்டெலிகளில் கிட்டிய இம்முடிவை, திறக்கப்பட்ட தமனிக்கு அப்படியே பொருத்துதல் கூடாது. இருப்பினும் நியூட்ரோஃபில்களை அடியோடு ஒழிப்பது தீர்வாகாது என்பதை அது உணர்த்துகிறது.

அண்மை முயற்சிகள்

பழைய மருந்தான மெட்டோபுரோலால் இங்கே எதிர்பாராத இடம் பெறுகிறது. தமனியைத் திறக்குமுன் அதனைச் சிரைவழி செலுத்தினால் இறந்த தசையின் அளவு குறைவதை 2013இல் ஸ்பெயின் நாட்டுச் சோதனை காட்டியது. அது நியூட்ரோஃபிலின் மேலேயே செயற்பட்டு, இரத்தத் தட்டுகளோடு அது பிணைவதைத் தடுக்கிறது என 2017இல் கண்டறிந்தனர். ஆனால், 683 பேரை உட்படுத்திய மற்றொரு சோதனை 2016இல் அப்பயனைக் காணவில்லை. மருந்தின் அளவும் அது செலுத்தப்பட்ட நேரமும் இரண்டிலும் வேறுபட்டிருந்தன.

இன்டர்லூக்கின்-6இன் ஏற்பியைத் தடுக்கும் டோசிலிசுமாப் 2021இல் நார்வேயில் 199 நோயாளிகளிடம் ஆராயப்பட்டது. காப்பாற்றப்பட்ட தசையின் விகிதம் 5.6 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்ந்தது. ஆறு மாதங்களுக்குப் பின் அளந்த தழும்பின் அளவில் காணப்பட்ட வேறுபாடு மட்டும் புள்ளியியல் உறுதியை எட்டவில்லை.