உங்களுக்குத் தெரியுமா? மாநிலங்களின் பங்கைப் பிரித்த புனேக்காரர்

நாட்டின் வருமானத்தைக் கணக்கிட 1949-ல் அமைந்த தேசிய வருமானக் குழுவில் மூன்றே பேர்: தலைவர் மகலனோபிஸ், வி.கே.ஆர்.வி. ராவ், புனே கோகலே நிறுவனத்தின் டி.ஆர். காட்கில். 1930-ல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் முதல் இயக்குநரும் காட்கில்தான்.

பின்னாளில் அவர் திட்டக் குழுவின் துணைத் தலைவராக இருந்தபோது, 1969-ல் வந்தது 'காட்கில் சூத்திரம்'. பெரும்பாலான மாநிலங்களுக்கான மத்திய திட்ட உதவியில் 60 சதவீதம் மக்கள்தொகையைப் பார்த்துப் பிரிக்கப்பட்டது. தனிநபர் வருமானத்துக்கு வெறும் 10 சதவீதம். அதுவும் தேசிய சராசரிக்குக் கீழே இருந்த மாநிலங்களுக்கு மட்டும். ஏழை மாநிலங்களுக்கு இது போதாதுதான். 1980-ல் இந்தப் பங்கு 20 ஆனது.

மாநில வருமானத்தை அளப்பதும் லேசான வேலையில்லை. பிம்ப்ரி-சிஞ்ச்வட் தொழிற்சாலையின் உற்பத்தி மகாராஷ்டிரக் கணக்கில் சேரும், சரி. நாடு முழுக்க ஓடும் ரயிலை யார் கணக்கில் எழுதுவது? ரயில்வே, வங்கி போன்றவற்றை தேசிய அளவில் கணக்கிட்டு, பிறகு மாநிலங்களுக்குப் பங்கு பிரிக்கிறார்கள்.

மகாராஷ்டிரத்துக்குள்ளேயே விதர்பா, மராத்வாடா எவ்வளவு பின்தங்கின என்று அளக்க 1983-ல் அமைந்த குழுவுக்குத் தலைவர் வி.எம். தாண்டேகர். அவரும் கோகலே நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவரே.