தரவுத்தளத்தில் யார் கையில் எந்தச் சாவி?

கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பெரட்டு ஞாபகம் இருக்கும். விடியுமுன் மண்டோர் பெயர் கூப்பிடுவார். கிராணி செக்ரோலில் எழுதுவார். சம்பளத்துக்குத் துரை கையெழுத்து வேண்டும். மூன்று வேலையும் ஒருவர் கையில் இல்லை. தரவுத்தளப் பயனர் அனுமதியும் இதேதான்.

நம்ம பள்ளியில் எப்படி? பலருக்கும் ஒரே கணக்கு, ஒரே கடவுச்சொல். அதுவும் கீபோர்டுக்கு அடியில் எழுதி ஒட்டியிருக்கும். மாணவரின் மைகிட் எண், வீட்டு முகவரி, அப்பாவின் சம்பளம் எல்லாம் உள்ளே. நாளை ஒரு மதிப்பெண் மாறிப்போனால் யாரைக் கேட்பீங்க? “சின்னப் பள்ளிதானே” என்று விட்டுவிட முடியாது. 2018 ஜூனில், தேர்வு முடிவுகளைப் பதியும் சாப்ஸ் முறையில் பாதுகாப்பு ஓட்டை இருப்பதாகச் செய்தி வந்ததும், கல்வி அமைச்சே அதைத் தற்காலிகமாக மூட வேண்டியதாயிற்று.

மாணவர்களே, இரண்டு சொற்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். “நீ யார்?” என்று கேட்பது அடையாளச் சரிபார்ப்பு, கடவுச்சொல் அதற்குத்தான். “உனக்கு என்ன செய்ய அனுமதி?” என்று கேட்பது அதிகார அனுமதி.

செய்முறை இதோ:

1. ஆளுக்கு ஒரு கணக்கு. பகிர்வது கூடாது.

2. உரிமையை ஆளுக்குக் கொடுக்காமல் பொறுப்புக்குக் கொடுங்கள். ‘வகுப்பாசிரியர்’ என்றொரு ரோல் உருவாக்கி, கிராண்ட் கட்டளையால் செலக்ட், அப்டேட் மட்டும் கொடுங்கள். டெலீட் வேண்டாம். மைஎஸ்கியூஎல் 8.0 முதல் ரோல் வசதி உண்டு.

3. தம் வகுப்பு மட்டும் தெரிய வேண்டுமென்றால், அட்டவணைக்குப் பதிலாக அந்த வகுப்பை மட்டும் காட்டும் வியூ மீது உரிமை கொடுங்கள்.

4. நுழைவுக்கும் விதி வையுங்கள். ஆரக்கிளில் இதற்குப் ‘புரொஃபைல்’ என்று பெயர்: எத்தனை முறை தவறினால் கணக்கு பூட்டப்படும், கடவுச்சொல் எத்தனை நாள் செல்லும் என்பதை அதில் எழுதலாம்.

5. ஆசிரியர் மாற்றலாகிப் போகும் அன்றே கணக்கைப் பூட்டுங்கள். ரிவோக் கட்டளையால் உரிமையைத் திரும்பப் பெறுங்கள். அதிகம் மறந்துபோவது இதுதான்.

ஒரே ஆசிரியர் எல்லா வேலையும் பார்க்கும் சிறு பள்ளியா? அவருக்கும் இரண்டு கணக்கு வையுங்கள்: அன்றாடப் பதிவுக்கு ஒன்று, நிர்வாகத்துக்கு ஒன்று. கை தவறி ஒரு கட்டளை அடித்தாலும் முழு அட்டவணையும் அழியாது.

அனுமதியைக் குறைப்பது ஆசிரியர்மேல் சந்தேகப்படுவதற்காக இல்லை. தப்பு நடந்தால், செய்யாதவர் மேல் பழி விழாமல் காப்பதும் அதுதான்.