லாரி இன்ஜினை 'டியூன்' பண்ணினால் இழுவை கூடுமா? எது உண்மை, எது வெறும் செலவு?

"ரீமேப் போட்டா வண்டி பறக்கும்ணே, மைலேஜும் கூடும்." லாரி ஓனர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இப்படி ஒரு விளம்பரமாவது தினமும் வந்து விழுகிறது. கூடவே 'திறந்த' ஏர் ஃபில்டர், டியூனிங் பாக்ஸ், டீசல் குழாயில் மாட்டும் காந்தம், யூரியா இல்லாமலே ஓட வைக்கும் சின்னப் பெட்டி என்று பட்டியல் நீள்கிறது. நாமக்கல், சங்ககிரி போன்ற ஊர்களில் ஒரு லாரியை நம்பித்தான் ஒரு குடும்பமே இருக்கிறது. மாதத் தவணை, டயர், டோல் எல்லாம் போக மிஞ்சுவது கொஞ்சம்தான். அதனால் 'டீசல் மிச்சம்' என்ற வார்த்தைக்கு அங்கே தனி ஈர்ப்பு உண்டு.

ஒரு சின்னக் கணக்கு. வண்டி மாதம் 10,000 கி.மீ ஓடுகிறது, லிட்டருக்கு 4 கி.மீ கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2,500 லிட்டர் டீசல். லிட்டர் 90 ரூபாய் என்றாலே 2.25 லட்சம். இதில் 5 சதவீதம் மிச்சமானால் மாதம் 11,250 ரூபாய். இதே கணக்கைக் காட்டித்தான் எல்லாரும் விற்கிறார்கள். ஆனால், அவர்கள் விற்கும் பொருள் அந்த 5 சதவீதத்தைத் தருகிறதா?

முதலில் டீசல் இன்ஜின் எப்படி இயங்குகிறது என்று பார்த்துவிடலாம். பெட்ரோல் வண்டியில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் காற்றின் அளவு மாறும். டீசலில் மாறுவது எண்ணெயின் அளவு. காற்று பெரும்பாலும் தேவைக்கு மேலேயே உள்ளே போகிறது. ஆக, டீசல் இன்ஜினில் சக்தியைக் கூட்ட வேண்டுமென்றால் கூடுதலாக எண்ணெய் எரிய வேண்டும். அது புகையில்லாமல் எரிய, டர்போவும் இன்டர்கூலரும் அதற்கேற்ற காற்றைக் கொடுக்க வேண்டும். இதைப் பிடித்துக்கொண்டால் பாதி விளம்பரங்களை நீங்களே ஓரங்கட்டிவிடலாம்.

திறந்த ஏர் ஃபில்டரை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி ஃபில்டர் சுத்தமாக இருந்தால் அதில் காற்று படும் சிரமம் மிகக் குறைவு. அதைக் கழற்றி வேறு மாட்டுவதால் சத்தம் மாறும், இழுவை மாறாது. நம் ஊர் குவாரி ரோட்டிலும் செங்கல் சூளைப் பக்கமும் ஓடும் வண்டிக்கு இது நேரடியாகவே கெடுதல். உள்ளே போகும் தூசி டர்போ இறக்கையை அரித்து, லைனரையும் ரிங்கையும் தேய்க்கும். பேப்பர் ஃபில்டரைக் கம்ப்ரஸர் காற்று வைத்து ஓங்கி அடித்துச் சுத்தம் செய்வதும் கிட்டத்தட்ட இதே கதைதான். கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும்.

காந்தம், எண்ணெயில் ஊற்றும் 'பவர்' திரவம், தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும் கிட் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு இதுபோல 'எரிபொருள் மிச்சம்' என்று விற்கப்பட்ட 100-க்கும் மேற்பட்ட கருவிகளைப் பரிசீலித்தது. மைலேஜைக் குறிப்பிடும்படி கூட்டிய ஒன்றுகூட அதில் கிடைக்கவில்லை.

நிஜமாகவே சக்தி கூடுவது எதில்?

இரண்டு வழி இருக்கிறது. பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளில் 'பம்பை ஏத்தி வைக்கிறது'. கம்ப்யூட்டர் வைத்த வண்டிகளில் ரீமேப், அதாவது எவ்வளவு எண்ணெய், எந்த நேரத்தில், எவ்வளவு டர்போ அழுத்தம் என்று சொல்லும் மென்பொருளை மாற்றி எழுதுவது. இரண்டிலுமே இழுவை கூடும், அது பொய்யில்லை. ஒரே இன்ஜினைக் கம்பெனிகளே வெவ்வேறு குதிரைத்திறனில் விற்பதுண்டு. 5.9 லிட்டர் கம்மின்ஸ் பி சீரிஸ் அப்படிப் பல அளவுகளில் வந்த இன்ஜின்தான். அதனால்தான் டியூனர்கள் 'உள்ளே இடம் இருக்கு' என்கிறார்கள்.

அந்த இடத்தைக் கம்பெனி சும்மா விட்டு வைக்கவில்லை என்பதுதான் விஷயம். கூடுதல் குதிரைத்திறன் மாடலுக்குப் பெரும்பாலும் வேறு டர்போ, வேறு பிஸ்டன், பெரிய ரேடியேட்டர், தடிமனான கிளட்ச் என்று சேர்த்தே கொடுப்பார்கள். மென்பொருளை மட்டும் மாற்றினால் அந்தச் சுமையைப் பழைய கியர்பாக்ஸும் பழைய ஹவுசிங்கும்தான் தாங்க வேண்டும். முழு லோடில் நீளமான ஏற்றம் ஏறும்போது எக்ஸாஸ்ட் சூடு எகிறும். ஹெட் கேஸ்கெட் போவது, டர்போ வெடிப்பு விடுவது, பிஸ்டன் உருகுவது எல்லாம் இந்தச் சூட்டினால்தான்.

டியூனிங் பாக்ஸ் இன்னும் மட்டம். அதில் பெரும்பாலானவை கம்ப்யூட்டரை ஏமாற்றும் வேலையைச் செய்கின்றன. ரெயில் அழுத்தம் குறைவாக இருப்பதாகப் பொய் சிக்னல் போகும். கம்ப்யூட்டர் அதை நம்பி அழுத்தத்தை ஏற்றும். இன்ஜெக்டரும் பம்பும்தான் பலி.

சரி, இவ்வளவு சிரமப்பட்டு என்ன கிடைக்கும்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். மொத்தம் 28.5 டன் எடை, 180 எச்.பி வண்டி, 5 சதவீத ஏற்றம். சுமார் 25 கி.மீ வேகத்தில் ஏறும். 20 சதவீதம் சக்தி கூட்டினால் அது 30 கி.மீ ஆகும். 5 கி.மீ நீள ஏற்றத்தில் மிச்சமாவது 2 நிமிடம். சமதளத்தில் அதுவும் இல்லை. சரக்கு வாகனங்களுக்கு 80 கி.மீ வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கிறதே! இறங்கும்போது கூடுதல் எச்.பி எதற்கும் உதவாது. தொப்பூர் கணவாயில் லாரிகள் விபத்தில் சிக்குவது இறக்கத்தில்தான், அங்கே கேள்வி பிரேக்கைப் பற்றியது.

மைலேஜ்? ஏற்றத்தில் ஒரு கியர் மேலே வைத்தே ஓட்ட முடிந்தால் கொஞ்சம் மிச்சமாகலாம். ஆனால் கையில் சக்தி இருந்தால் எந்த டிரைவரும் அதைப் பயன்படுத்தத்தான் செய்வார். பயன்படுத்தினால் எண்ணெய் எரியும். அவ்வளவுதான்.

யூரியாவைக் 'கட்' பண்ணினால்?

இப்போது அதிகம் விற்பனையாவது இதுதான் போலிருக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 வந்த பிறகு கனரக லாரிகளில் யூரியாக் கரைசல் (டெஃப்) தெளித்துப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்ஸைடை நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றும் அமைப்பு இருக்கிறது. டெஃப் என்பது 32.5 சதவீத யூரியா, மீதி சுத்த நீர். தீர்ந்துபோனால் முதலில் இழுவை குறையும், அப்புறமும் கவனிக்கவில்லை என்றால் வண்டி ஊர்ந்துதான் போகும். இந்தத் தொல்லையிலிருந்து விடுதலை என்று சொல்லி எமுலேட்டர் விற்கிறார்கள்.

இதில் சக்தி ஒரு எச்.பி கூடக் கூடாது. இந்த அமைப்பு இன்ஜினுக்கு வெளியே, சைலன்சர் பக்கம் இருப்பது. பின்னால் சுத்தம் செய்துகொள்ளலாம் என்ற தைரியத்தில்தான் இன்ஜினை நல்ல மைலேஜ் வரும்படி டியூன் செய்தே அனுப்புகிறார்கள். மிச்சமாவது டெஃப் செலவு மட்டுமே. டீசலில் 5 சதவீதம் என்று வைத்தால் நம் உதாரண வண்டிக்கு மாதம் 125 லிட்டர், லிட்டர் 60 ரூபாய் என்றால் 7,500 ரூபாய். சின்னத் தொகை இல்லைதான். ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 182ஏ(4)-இன்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓனருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மாசு விதியை மீறினால் பிரிவு 190(2)-இல் 10,000 ரூபாய் வரை அபராதம் தனி. வாரண்டி போகும். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கேள்வி கேட்க ஒரு காரணம் கிடைக்கும்.

இது நம் ஊர் பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்காவில் சுமார் பத்து ஆண்டுகளில் 5.5 லட்சத்துக்கும் அதிகமான டீசல் பிக்கப் வண்டிகளில் புகைக் கட்டுப்பாட்டைக் கழற்றிவிட்டார்கள் என்று அந்நாட்டு அரசு அமைப்பே 2020-இல் மதிப்பிட்டது. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர் பின்னால் பைக்கில் வருபவர். வண்டியடியிலேயே படுத்து வேலை பார்க்கும் மெக்கானிக்கும்தான்.

அப்படியானால் அந்த 5 சதவீதம் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் வண்டியிலேயே தொலைந்து கிடக்கிறது. இன்டர்கூலர் குழாயில் ஒரு சின்ன ஓட்டை இருந்தால் டர்போ காற்று வெளியே போகும். கறுப்புப் புகை வரும், இழுவை செத்துவிடும். பல ஓனர்கள் ரீமேப் தேடி வருவதே இந்தக் கட்டத்தில்தான். ஒரு கிளாம்ப் மாற்றினால் முடிந்தது. டேப்பெட் இடைவெளி, இன்ஜெக்டர் சோதனை, டர்போ அழுத்தம் இவற்றை வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள். ரேடியேட்டர் ஃபேன் கிளட்ச் ஒட்டிக்கொண்டு ஃபேன் எப்போதும் முழு வேகத்தில் சுற்றினால் அதுவே பல எச்.பி-யைத் தின்றுவிடும். டயர் காற்று, வீல் அலைன்மென்ட் பற்றிச் சொன்னால் 'இது தெரியாதா' என்பார்கள். ஆனால் வாரம் ஒருமுறை கேஜ் வைத்துப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்?

பழைய பிஎஸ்6 லாரி வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. முந்தைய ஓனர் செய்த 'கட்' உங்கள் தலையில்தான் விடியும். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு டெஃப் டேங்க் அளவைக் குறித்துக்கொண்டு 100 கி.மீ-யாவது லோடோடு ஓட்டிப் பாருங்கள். நம் உதாரணக் கணக்குப்படி 1 லிட்டருக்கு மேல் குறைய வேண்டும். மீண்டும் அதே அளவுக்கு நிரப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். கொஞ்சம்கூட இறங்கவில்லை என்றால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஸ்கேன் போட்டு, இன்ஜின் மென்பொருள் ஒரிஜினல்தானா என்று எழுத்தில் வாங்கிய பிறகு விலை பேசுங்கள்.